யூ வடிவத்தில் இரண்டு கம்பி

போனஸ் இருபத்திரண்டாயிரம்.
சீட்டில் தள்ளி எடுத்தது பதினெட்டு.
நாற்பதையும் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டுத்
திருப்பூரில் பஸ் ஏறினேன்.
அவினாசி தாண்டுவதற்குள்
நான்கு முறை தொட்டுப் பார்த்தாயிற்று.

காந்திபுரம், நூறடி ரோடு, மாடிக் கடை.
செருப்பை வெளியே விடச் சொன்னார் தரணிபதி.
உள்ளே குளிர். இருட்டு. பச்சைப் பொட்டு விளக்குகள்.

"ஒரே பெட்டிங்கறது
ஒறம்பரை நெறஞ்ச ஊடு மாதிரிங்.
ஒருத்தர் பேச்சு ஒருத்தர் பேச்சுக்குள்ள பூந்துரும்.
ப்ரீ தனி, பவர் தனின்னு வெச்சுப் பாருங்,
அததும் அதது எடத்துல உக்காந்துக்கும்."

ப்ரீ பத்தொன்பதாயிரம்.
பவர் இருபத்து நாலரை.
இரண்டையும் சேர்க்கும் வயர்?
"அது ஒரு ரெண்டாயிரத்து எண்ணூறுங்" என்றார்,
கறிவேப்பிலைக்குக் கணக்குப் பார்ப்பார்களா என்பதுபோல.

பிரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் அண்ணா.
இன்னொரு காஸ் அடுப்பு.
இன்னொரு பத்து மாத அட்வான்ஸ்.
மோகனசுந்தரம் ஊத்துக்குளி ரோட்டில்,
நான் அனுப்பர்பாளையத்தில்;
வெள்ளி சாயங்காலம் போய்
ஞாயிறு பொழுதோடு திரும்பி வருகிற
ஒன்பது வயது.
நடுவில் ஓடுகிற வயருக்குத்தான்
யாரும் முதலில் விலை சொல்வதில்லை.

இதை அவரிடம் சொல்லவில்லை.
"கண்ணை மூடிக்கறேன், மாத்தி மாத்திப் போடுங்க" என்றேன்.

எனக்கு வேலை சாயப்பட்டறை லேபில்.
விளக்குப் பெட்டிக்குள் இரண்டு துணித்துண்டு வைத்தால்
அரை ஷேடு வித்தியாசம் என் கண்ணுக்குத் தப்பாது.
நான் ஆகாதென்றால்
அறுநூறு கிலோ துணி மறுபடி தொட்டிக்குப் போகும்.

நாதஸ்வரம் ஒலித்தது.
ஐந்து முறை மாற்றினார்.
இரண்டுதான் சரியாகச் சொன்னேன்.
பிறகு அவரை உட்காரவைத்து
நான் மாற்றினேன்.
அவர் சொன்னதில் சரி ஒன்று.

சற்று நேரம் ஏசி மட்டும் பேசியது.

வாசிக்கிறவர் மூச்சை இழுக்கும் இடம்,
சீவாளி உதட்டை விட்டு விலகும்போது
ஒரு சிறு ஈரச் சத்தம்,
அது தனிப் பெட்டிகளிலும் இருந்தது
ஒரே பெட்டியிலும் இருந்தது.
நான் வந்தது அதற்குத்தான்.

"அப்போ இதைப் பாருங்" என்று
கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை இழுத்தார்.
பழசு. மூடியில் கீறல். இருபத்தாறாயிரம்.
திருப்பிக் காட்டினார்.
பின்பக்கம் யூ வடிவத்தில் இரண்டு கம்பி,
பாதியையும் பாதியையும் பிடித்துக்கொண்டு.
"கம்பிய உருவிட்டா இதே ரெண்டாயிருமுங்.
பின்னால காசு வந்தா
பவர் மட்டும் பெருசா வாங்கி இதுல கோர்த்துக்கலாம்."

ஆயிரம் குறைக்கச் சொன்னேன்.
ஐந்நூறு குறைத்தார்.
மிச்சத்தில் ஒரு ஸ்டெபிலைசர்,
எங்கள் லைன் வீட்டில்
பக்கத்துப் பட்டறை மோட்டார் ஓடினால்
பல்பு கண்சிமிட்டும்.
அந்தச் சுவரில் பிளக் பாயின்டும் ஒன்றே ஒன்றுதான்.
கடையில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

ஞாயிறு இரவு சம்யுக்தா வந்தாள்.
பையைக்கூட இறக்காமல்
பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டாள்.

"இந்தக் கம்பிய எடுத்தா என்னாகும்?"
"ரெண்டாயிரும்."
"சத்தம் நின்னுருமா?"
"நின்னுரும். நடுவுல வயர் போட்டா மறுபடி கேக்கும்."

விரல் நுனியால் ஒரு கம்பியைத் தொட்டாள்.
அசைத்துப் பார்க்கவில்லை.

"வயர் எவ்வளவு?"

சொன்னேன்.
"ஐயய்யோ" என்று சொல்லிவிட்டு
ஈரச் சாக்ஸைக் கழற்றி
பெட்டியின் மேல் சூட்டில் காயப் போடப் போனாள்.
அதட்டினேன்.
நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்தார்.